ஒரு வருஷ ஆர்.டி.: வருடச் சேமிப்புக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்?

தை பிறந்ததும் "இந்த வருஷம் ஒரு லட்சம் சேர்த்தே ஆகணும்" என்று கிளம்பி, ஆடி நோம்பிக்குள் கைவிட்டுவிடுகிற குடும்பங்கள் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் நிறைய. அவர்களுக்கு உறுதி போதவில்லை என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் தொகையோ, பிடிக்கிற தேதியோ, பணத்தைப் போட்டு வைத்த இடமோ தப்பாக இருக்கும். சரியாக 12 மாதத்தில் ஒரு தொகை கையில் வேண்டுமென்றால், வங்கியின் ஒரு வருஷ ஆர்.டி.க்கு, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற தொடர் வைப்புக்கு, 5-க்கு 4 மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். அந்த ஒரு மதிப்பெண் எங்கே குறைகிறது என்பதையும் பார்ப்போம்.

முதலில் கணக்கு. மாதம் 5,000 வீதம் 12 மாதம் கட்டினால் 60,000. வட்டி 6.5% என்றால் 3,900 வரும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். வருவது சுமார் 2,140தான். முதல் தவணைக்குத்தான் முழு வருஷ வட்டி. கடைசித் தவணை வங்கியில் இருப்பது ஒரே மாதம். வங்கி ஏமாற்றிவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை, ஆர்.டி.யின் கணக்கே அப்படித்தான். அதனால் அரை சதவீதம் கூடுதல் வட்டிக்காக ஊர் பேர் தெரியாத இடத்தைத் தேடிப் போவதில் பொருளில்லை. ஒரு லட்சத்துக்குத் தவணை எவ்வளவு? 12-ஆல் வகுத்தால் 8,334. 6.5% வட்டியையும் சேர்த்தால் 8,050 கட்டினாலே லட்சம் தாண்டிவிடும். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி மாறும். ஆனால் ஆரம்பித்த நாளில் இருந்த விகிதம்தான் உங்கள் ஆர்.டி.க்குக் கடைசி வரை.

அடுத்தது தேதி. இதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆப்பில் ஆர்.டி. திறக்கிற அன்றைய தேதியே பொதுவாகத் தவணைத் தேதியாகிவிடும். ஆர்வத்தில் 1-ஆம் தேதி திறந்துவிட்டு, சம்பளம் 7-ஆம் தேதியோ 10-ஆம் தேதியோ விழுந்தால், மாதாமாதம் கணக்கில் பணமில்லாத நாளில் வங்கி கை வைக்கும். சம்பளம் விழுந்து இரண்டு, மூன்று நாள் கழித்துத் திறங்கள். 10-ஆம் தேதி சம்பளம் என்றால் 12 அல்லது 13. தவணை தவறினால் ஸ்டேட் பேங்க்கில் மாதம் 100-க்கு 1.50 அபராதம், 8,050 தவணைக்கு 120 ரூபாய் சொச்சம். ஒரு மாத அபராதத்தைத் தாங்கிக்கொள்ளலாம். தொடர்ந்து தவறினால் வங்கியே கணக்கை முடித்துப் பணத்தைச் சேமிப்புக் கணக்கில் போட்டுவிடும், அதோடு அந்த வருஷ இலக்கும் போச்சு.

பனியன் கம்பெனியில் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற டைலர்களுக்கும் செக்கிங் பெண்களுக்கும் இந்த மாதக் கணக்கு ஒத்து வராது. 8,050 தவணைக்கு வாரம் 1,860 ஒதுக்க வேண்டும். நான்கு சனிக்கிழமை உள்ள மாதத்தில் 7,440தான் சேரும், 610 குறையும். ஐந்து சனிக்கிழமை வந்தால் 1,250 மிஞ்சும். குறைகிற மாதங்கள் அடுத்தடுத்து வரும்போதுதான் தவணை முறிகிறது. ஆர்.டி. திறக்கும் முன்பே ஒரு வாரத் தொகையைக் கூடுதலாகக் கணக்கில் போட்டு வைத்து, அதைத் தொடாமல் விட்டால் வருஷம் முழுக்க இந்த இடறல் வராது. குறைந்தபட்ச இருப்பு கேட்கிற கணக்காக இருந்தால் அதற்கும் மேலே இந்தத் தொகை இருக்க வேண்டும்.

ஒரே ஆர்.டி.யாகப் போடாதீர்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 8,050-ஐ 4,000, 2,500, 1,550 என்று மூன்றாகப் பிரித்தாலும் கிடைக்கிற வட்டி ஒன்றுதான். எட்டாவது மாதத்தில் ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் சின்னதை மட்டும் முறித்துக்கொள்ளலாம், மற்ற இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும். முன்கூட்டி முடித்தால் பணம் இருந்த காலத்துக்கான வட்டியில் அரை சதவீதமோ ஒன்றோ கழித்துத் தருவார்கள். அசலுக்குச் சேதமில்லை. முடிக்க இன்னும் இரண்டு மாதம்தான் பாக்கி என்றால், ஆர்.டி.யின் மேலேயே கடன் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். வட்டிக்கு விடுகிறவர்களிடம் போவதைவிட மிக மலிவு.

அஞ்சலக ஆர்.டி. நல்ல திட்டம். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், தவறினால் அபராதம் 100-க்கு 1 ரூபாய்தான், அரசின் உத்தரவாதம் உண்டு. ஆனால் அது 5 வருஷம், அதாவது 60 தவணை. 3 வருஷத்துக்கு முன் முடிக்க முடியாது. அதற்குப் பிறகு இடையில் முடித்தாலும் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான். 12 தவணை கட்டி ஒரு வருஷம் ஓடியபின் இருப்பில் பாதி வரை கடன் தருவார்கள். ஜூன் மாதப் பள்ளிக்கூட பீஸுக்கு இதை நம்பி இருக்கக் கூடாது. மகளின் கல்லூரிக்கு என்றால் இதைவிடப் பொருத்தமானது குறைவு. வீட்டுக்கே வந்து தவணை வாங்குகிற மகளிர் ஏஜென்ட்டுகளுக்கு கமிஷன் அரசு தருகிறது, நீங்கள் தனியாக எதுவும் கொடுக்க வேண்டாம். அவர் எழுதித் தருகிற அட்டையோடு நிறுத்திக்கொள்ளாமல், அஞ்சலகப் பாஸ்புக்கில் வரவு ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது வாங்கிப் பாருங்கள்.

நகைக்கடை 11 மாதச் சீட்டை நகை எடுக்கப் போகிறவர்கள் மட்டும் போடலாம். முடிவில் பணமாகக் கேட்டால் கிடைக்காது, நகையாகத்தான் தருவார்கள். சேரும்போதே கேட்க வேண்டிய கேள்வி: ஒவ்வொரு தவணையும் அன்றைய விலைக்கு கிராமாக வரவு வைக்கப்படுமா, ரூபாயாகவா? விலை ஏறுகிற வருஷத்தில் இந்த ஒரு வரியில்தான் லாபமும் நஷ்டமும். சேதாரம் இலவசம் என்பது எத்தனை சதவீதம் வரை என்பதையும், 3% ஜி.எஸ்.டி. உங்கள் தலையில்தான் என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரை உள்ள காப்பீடு இதற்குக் கிடையாது.

பதிவில்லாத தீபாவளிச் சீட்டு, மாதம் 3 வட்டி என்கிற பேச்சு, இவற்றின் பக்கமே போக வேண்டாம். 2012-ல் பெருந்துறையில் ஈமு கோழி வளர்ப்பு என்று சொல்லி முதலீடு வாங்கி ஏமாற்றிய விவகாரம், முதலீட்டாளர் பணமோசடி வழக்குகளை விசாரிக்கிற கோவை டான்பிட் நீதிமன்றம் வரை போனதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆர்.டி.க்கு ஒரு மதிப்பெண் குறைவது விவசாயிகளால். மஞ்சளும் தேங்காயும் மாதச் சம்பளம் மாதிரி வராது. பொள்ளாச்சிப் பக்கம் 45 நாளுக்கு ஒரு வெட்டு என்றால் வருஷத்துக்கு 8 வெட்டு. வெட்டுக்கு 12,500 வீதம் தனித்தனி எப்.டி. (ஒரே தடவையில் மொத்தமாகப் போடுகிற நிலை வைப்பு) போட்டு, எல்லாம் ஒரே நாளில் முதிர்கிற மாதிரி நாள் கணக்கைக் கொடுக்கலாம். முதல் வெட்டுக்கு 360 நாள், அடுத்ததற்கு 315, அதற்கடுத்து 270 என்று இறங்கிக்கொண்டே வரும்.

ஆரம்பிக்கிற மாதத்திலும் கவனம் வேண்டும். 12-ஆவது தவணை கட்டிய அன்றே பணம் வராது, திறந்த நாளிலிருந்து முழு வருஷம் ஆக வேண்டும். ஜூன் 12-ல் திறந்தால் அடுத்த ஜூன் 12-ல்தான் முதிர்வு, பள்ளிக்கூட பீஸ் அதற்குள் கட்டியாக வேண்டியிருக்கும். மே தொடக்கத்தில் திறங்கள். தீபாவளிக்கென்றால் செப்டம்பர். முதிர்ந்த பணம் தானாகவே சேமிப்புக் கணக்கில் விழும், அங்கே கிடந்தால் ஏ.டி.எம். கார்டு வழியாக இரண்டே வாரத்தில் கரைந்துவிடும். செலவு உடனே இல்லையென்றால் அன்றே எப்.டி.யாக மாற்றுங்கள். அதே நாளில் அடுத்த ஆர்.டி.யையும், தவணையில் 500 கூட்டி, திறந்துவிடுங்கள்.