கலமைன் லோஷன்: கொல்லையில் வேலை செய்பவர்கள் வீட்டில் இருக்க வேண்டிய மருந்து

எங்கள் கொல்லையில் முருங்கை, மா, அவரைப் பந்தல் மூன்றும் உண்டு. மழைக்காலம் வந்தால் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். மாமரத்தில் முசுறு, பந்தலுக்குள் சிலந்தி. அதனால் கலமைன் லோஷன் தீர விடுவதே இல்லை.

துத்தநாக ஆக்சைடோடு கொஞ்சம் இரும்பு ஆக்சைடு சேர்ந்த பழைய மருந்து இது. அந்த ரோஸ் நிறம் இரும்பால் வருவது. அடியில் மாவு தங்கும், நன்றாகக் குலுக்கிப் பஞ்சில் தொட்டு வையுங்கள். ஈரம் காயக் காயக் குளிர்ச்சி தந்து அரிப்பை அடக்குகிறது. முசுறுக் கடிக்கும் சிலந்தி கடித்த சின்னத் தடிப்புக்கும் எனக்கு இதுவே போதும்.

கம்பளிப்பூச்சி பட்டால் மட்டும் எடுத்தவுடன் பூசாதீர்கள். சுணை தோலில் குத்தி நிற்கும். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். செல்லோ டேப்பை ஒட்டி ஒட்டிப் பிய்த்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அப்புறம்தான் லோஷன்.

குளவி கொட்டின வலிக்கு இது சரிவராது, ஐஸ் ஒத்தடம்தான். காய்ந்ததும் பொடிப்பொடியாக உதிர்ந்து ரவிக்கைக் கையெல்லாம் திட்டாகிவிடுவது இன்னொரு குறை.

உதடோ நாக்கோ வீங்கினால், மூச்சு முட்டினால், லோஷனைத் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி மருந்துச் சீட்டு இல்லாமலே கடையில் கிடைக்கிறது, தாராளமாக வாங்கலாம்.