சுங்கை சிப்புட்டில் மாதச் சந்தா கிளினிக்: தம்பியின் வலிப்பு நோயோடு ஓராண்டு

என் தம்பிக்குப் பதினேழு வயதிலிருந்து வலிப்பு நோய் உண்டு. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் செம்பனைக் குலை வெட்டி வந்தான். வலிப்பைத் தடுக்க அவனுக்கு வேண்டிய கார்பமசெப்பின் மாத்திரை அரசு கிளினிக்கில் கிடைக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈப்போவில் நிபுணரைப் பார்ப்பதற்கு 5 ரிங்கிட்தான் செலவு. அப்படியிருக்க, மாதம் 70 ரிங்கிட் கட்டி டவுனில் உள்ள ஒரு தனியார் கிளினிக்கில் அவனை ஏன் சேர்த்தாய் என்று உறவினர் பலர் கேட்டனர். ஓராண்டு முடிந்துவிட்டதால் அதற்கான பதிலை இப்போது எழுத முடிகிறது.

சந்தா கட்டியவர் எத்தனை முறை வேண்டுமானாலும் டாக்டரைப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் அதே டாக்டர்தான் பார்ப்பார். வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பலாம். இது காப்புறுதி அல்ல. மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால் ஒரு காசும் கிடைக்காது. மூளை ஸ்கேன், மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை ஆகியவையும் இதில் சேராது. நிபுணரையும் அரசு கிளினிக் மாத்திரையையும் விட்டுவிடக் கூடாது என்று டாக்டரே முதல் நாளில் சொன்னார். அவர் அப்படிச் சொன்னதால்தான் எனக்கு அந்த இடத்தின்மேல் நம்பிக்கை வந்தது.

அந்த முதல் சந்திப்பு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நடந்தது. நிபுணரின் அறைக்கு வெளியே எப்போதும் பெருங்கூட்டம் காத்திருக்கும், அங்கே "மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால், "ஆமாம், டாக்டர்" என்று தம்பி சொல்லுவான், அத்துடன் பேச்சு முடிந்துவிடும். இவரோ, முந்தைய ஆண்டில் வந்த நான்கு வலிப்புகளையும் ஒரு நாட்காட்டியில் குறிக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் முந்திய இரவு எப்படித் தூங்கினான், என்ன சாப்பிட்டான், வீட்டில் என்ன விசேஷம் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டு வலிப்புகள் தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் வந்திருந்தன. மூன்றாவது, உறவினர் திருமணத்துக்காக இரவு முழுவதும் கண்விழித்த மறுநாள் வந்தது. "விரத நாளில் காலை மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுவீர்கள், தம்பி?" என்று அவர் கேட்டபோது, தம்பி தலைகுனிந்து, விரதத்தில் பகலில் எதையும் விழுங்குவதில்லை என்று முதல் முறையாகச் சொன்னான். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குக் காவடி எடுப்பதற்காக ஆண்டுதோறும் ஒரு மண்டலம் விரதம் இருப்பவன் அவன். உடன்பிறந்த எனக்கே அது தெரியாது. மருந்து திடீரென்று நின்றால் வலிப்பு வருவது எதிர்பார்க்கக்கூடியதே என்று டாக்டர் விளக்கினார். இவை அனைத்தையும் ஒரு கடிதமாக எழுதி நிபுணருக்குக் கொடுத்தனுப்பினார். மருந்தளவைக் கூட்டலாம் என்று எண்ணியிருந்த நிபுணர், கடிதத்தைப் படித்தபின் அதே அளவைத் தொடரச் சொன்னார். இந்தத் தைப்பூசத்துக்கும் தம்பி காவடி எடுத்தான். விரத நாளெல்லாம் இரண்டு வேளை மாத்திரையையும் பாலோடு சாப்பிட்டான், வலிப்பு வரவில்லை.

இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டை வலிக்காக வேறொரு கிளினிக்குக்குப் போனவனுக்கு கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். தனக்கு வலிப்பு மாத்திரை உண்டு என்று அவன் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. மருந்தட்டையைப் படம் எடுத்து எங்கள் டாக்டருக்கு அனுப்பினேன். அந்த மருந்து கார்பமசெப்பின் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும் என்றும், தலைசுற்றல், இரட்டைப் பார்வை, நடை தள்ளாட்டம் ஆகியவை வரலாம் என்றும் சொல்லி, அதைச் சாப்பிடவே வேண்டாம் என்றார். மறுநாள் காலையில் தொண்டையைப் பார்த்து, அதற்குப் பதிலாக அமாக்ஸிசிலின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக் எழுதிக்கொடுத்தார். 70 ரிங்கிட் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான்.

வேலை விஷயத்திலும் உதவி கிடைத்தது. நீண்ட கம்பில் கட்டிய அரிவாளோடு தனியாக நிற்பவனுக்கு வலிப்பு வந்தால் என்ன ஆகும் என்பதைத் தோட்ட நிர்வாகத்துக்கு அவர் எழுதினார். தம்பி இப்போது நாற்றுப்பண்ணையில் மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்கிறான், சம்பளம் சற்றுக் குறைவு. வீட்டாருக்கும் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் தமிழிலும் மலாயிலும் ஒரு பக்கக் குறிப்பு கொடுத்தார்: பக்கவாட்டில் படுக்க வைக்கவும், கடிகாரத்தைப் பார்க்கவும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 999க்கு அழைக்கவும். பல்லிடுக்கில் கரண்டி வைப்பதும், கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் எங்கள் வீட்டில் அன்றோடு நின்றன.

குறைகளும் உண்டு. தோட்டத்து மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஞாயிற்றுக்கிழமையில் இந்தக் கிளினிக் மூடியிருக்கிறது. தொண்டை வலி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்புக்கு உடனே பதில் வந்தது எங்கள் நல்ல காலம். வேறு இரண்டு முறை மறுநாள் மாலைதான் பதில் கிடைத்தது. இரத்தப் பரிசோதனைக்குத் தனிக் கட்டணம் உண்டு என்பதைச் சேரும்போதே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். டாக்டர் இரண்டு வாரம் விடுப்பில் போனபோது வந்த மாற்று டாக்டருக்குத் தம்பியின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே டாக்டர் என்பதற்காகவே பணம் கட்டும் இடத்தில் இது சிறிய குறை அல்ல. நாள்கூலிக் குடும்பத்துக்கு 70 ரிங்கிட் பெரிய தொகைதான். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டும் காய்ச்சல் சளிக்கு டாக்டரைப் பார்ப்பவர்கள் சேரத் தேவையில்லை.

அடுத்த ஆண்டுக்கும் தம்பியின் சந்தாவைக் கட்டிவிட்டோம். வலிப்பு நோய்க்காக அங்கே சேர விரும்புகிறவர்கள், முதல் நாளில் மருத்துவமனைச் சீட்டுகளையும் இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வலிப்பை நேரில் பார்த்த ஒருவரையும் கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். விழுந்தவருக்கு அந்த நிமிடங்கள் நினைவில் இருப்பதில்லை.