போன் கேமராவில் ஏஐ எடிட்டிங்: சில வருடம் பயன்படுத்திய பிறகு எழுதுவது

படத்தில் வேண்டாததை அழிப்பது, முகத்தை மாற்றுவது, பழைய படத்தைத் தெளிவாக்குவது என்று போனிலேயே வரும் ஏஐ எடிட்டிங் வசதிகளைச் சில வருடங்களாக விடாமல் பயன்படுத்தி வருகிறேன். வீட்டில் யார் படம் எடுத்தாலும், ‘இதைக் கொஞ்சம் சரிபண்ணிக் கொடேன்’ என்று என்னிடம்தான் வரும். அதனால் என் படங்களைவிட அடுத்தவர் படங்களில்தான் இதையெல்லாம் அதிகம் போட்டுப் பார்த்திருக்கிறேன். எந்தப் போன் எவ்வளவு சுத்தமாக அழிக்கிறது என்று ஒப்பிடும் ரிவ்யூக்கள் ஏராளமாக இருக்கின்றன. பெரும்பாலும் அவை போன் கைக்கு வந்த சூட்டில் எழுதப்பட்டவை. திருத்திய படங்களை இரண்டு மூன்று வருடம் கழித்துத் திறந்தபோது தெரியவந்ததைத்தான் நான் சொல்ல நினைக்கிறேன்.

2021 அக்டோபரில் கூகுளின் பிக்சல் 6 போனோடு, வேண்டாததை அழிக்கும் மேஜிக் இரேசர் வந்தது. 2023இல் பிக்சல் 8இல் குரூப் போட்டோவில் முகங்களை மாற்றும் பெஸ்ட் டேக், படத்தில் இருப்பதை நகர்த்தவும் மாற்றவும் மேஜிக் எடிட்டர். 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24இல் அதே மாதிரியான ஜெனரேட்டிவ் எடிட். அதே வருடம் அக்டோபரில் ஐபோனுக்கு, வேண்டாததை அழிக்கும் கிளீன் அப். 2024 மே மாதத்திலிருந்து கூகுள் போட்டோஸ் ஆப்பிலேயே மேஜிக் இரேசரை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். ஆக, இது விலை உயர்ந்த போன் வைத்திருப்பவர்களின் விஷயம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நன்றாக வேலை செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். லென்ஸ் ஓரத்தில் விழுந்த விரல், மூக்குக் கண்ணாடியில் அடித்த வெளிச்சம், ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தபோது விழுந்த என் பிம்பம், பழைய பிரிண்டில் இருக்கும் மடிப்புக் கோடு. இவற்றைத் தயங்காமல் அழிக்கலாம். மணல், புல், வானம், வெறும் சுவர் பின்னால் இருந்தால் அழித்த இடமே தெரியாது. ஆளை அழிக்கும்போது அவர் நிழலையும் சேர்த்து வட்டமிட வேண்டும். இல்லாவிட்டால் ஆளில்லாத நிழல் மட்டும் தரையில் கிடக்கும். பின்னால் எழுத்து இருந்தால் இன்னும் கவனம் தேவை. தமிழ்ப் போர்டு ஒன்றைப் பாதி மறைத்து நின்றவரை அழித்துப் பார்த்தேன். அவர் நின்ற இடத்தைப் போன் எழுத்துகளால் நிரப்பியது. சுழி இருக்கிறது, கொம்பு இருக்கிறது, கால் இருக்கிறது. ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை. தள்ளி நின்று பார்த்தால் தமிழேதான்.

இந்தப் போர்டைப் பார்த்த பிறகு எனக்கு மற்றதெல்லாம் விளங்க ஆரம்பித்தது. மறைந்திருந்த இடத்தில் என்ன இருந்தது என்று போனுக்குத் தெரியாது. இதற்கு முன் பழகிய கோடிக்கணக்கான படங்களை வைத்து, இங்கே இப்படி இருந்தால் பொருத்தமாக இருக்கும் என்று ஊகித்து வரைகிறது. மணலை ஊகித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. முகத்தை ஊகித்தால்?

முகத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன், போன் தானாகத் தரும் யோசனைகள். கிளீன் அப் மாதிரியான வசதிகளைத் திறந்ததும், எதையெல்லாம் அழிக்கலாம் என்று போனே சிலவற்றை ஒளிரச் செய்து காட்டும். கடற்கரையில் அக்காவும் அவள் மகளும் நிற்கிற படம் ஒன்று. பின்னால் வலது மூலையில் அப்பா, முதுகைக் காட்டியபடி, ஒரு கையில் எல்லோருடைய செருப்பும், தோளில் இரண்டு பையுமாக நிற்கிறார். போன் ஒளிரச் செய்தவை: ஒரு குப்பைத்தொட்டி, முன்பின் தெரியாத இரண்டு பேர், அப்பா. எல்லாம் ஒரே நிறத்தில்.

போனைக் குறை சொல்ல முடியாது. பெரிதாக, நடுவில், முகம் காட்டி நிற்பவரை முக்கியமானவராக எடுத்துக்கொள்கிறது; மற்றதெல்லாம் இடைஞ்சல். ஆனால் எங்கள் குடும்பப் படங்களில் அப்பா எப்போதும் ஓரத்தில்தான் இருக்கிறார். பை தூக்குபவர், குழந்தையைப் பிடித்து நிறுத்திவிட்டு விலகுபவர், டிக்கெட் வாங்கப் போனவர், இவர்களெல்லாம் நடுவில் வந்து நிற்பதில்லை. வேலை செய்பவர்களின் இடம் படத்தின் ஓரம். ஓரத்தைச் சுத்தம் செய்யும் பழக்கம் வந்துவிட்டால், அந்த நாளை நடத்திக்கொடுத்தவர்கள்தான் ஆல்பத்திலிருந்து முதலில் காணாமல் போவார்கள். போன் தரும் யோசனையைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

அடுத்தது குரூப் போட்டோ. அடுத்தடுத்து எடுத்த சில படங்களிலிருந்து ஒவ்வொருவரின் நல்ல முகத்தையும் பொறுக்கி ஒரே படத்தில் ஒட்டித் தரும் வசதி. இதில் எதுவும் கற்பனை இல்லை. அந்தச் சிரிப்புகள் எல்லாம் நிஜமாகவே நடந்தவை, சில வினாடி வித்தியாசத்தில். முதலில் இதில் என்ன தப்பு என்றுதான் நினைத்தேன். குடும்பக் கூடுகை ஒன்றில் அக்கா மகள் ஆடிய பல்லை இழுத்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அக்கா கேட்டதால் முந்தைய படத்திலிருந்த சிரித்த முகத்தை வைத்துக் கொடுத்தேன், எல்லோருக்கும் போனது அந்தப் படம்தான். இப்போது அவள் கொஞ்சம் வளர்ந்துவிட்டாள். அந்தப் பல் கதையைப் பாட்டி சொல்ல ஆரம்பித்தால், ‘இல்லை மாமா, அன்னிக்கு நான் அழவே இல்லை, போட்டோவைப் பாருங்க’ என்று என்னிடமே சாட்சிக்கு வருகிறாள். படத்தில் இருக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிரித்த கணம் ஒன்று இருந்ததாக அவள் நம்புகிறாள். அவளிடம் ஒரிஜினலைக் காட்டினேன். நீண்ட நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதைத் தனக்கு அனுப்பச் சொன்னாள்.

திருத்தியது நாம்தானே, நமக்குத் தெரியாதா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இந்தப் பெண்தான். திருத்தியவருக்குத் தெரியும். படத்தைப் பெறுபவருக்குத் தெரியாது. படத்தில் இருக்கும் குழந்தைக்கு நிச்சயம் தெரியாது.

இது என் வீட்டு அனுபவம் மட்டுமல்ல. கிம்பர்லி வேட் என்ற உளவியல் ஆய்வாளரும் குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 20 பேரின் சிறுவயதுப் படங்களைக் குடும்பத்தாரிடம் வாங்கி, அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறப்பது போல ஒரு படத்தை ஒட்டுவேலை செய்து சேர்த்தார்கள். யாரும் பலூனில் ஏறியதே இல்லை. சில சந்திப்புகளுக்குள் பாதிப் பேர் அந்தப் பயணத்தைப் பற்றி முழுதாகவோ அரைகுறையாகவோ ‘ஞாபகம்’ சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். 2024இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேப் ஆய்வாளர்கள், நினைவு ஆராய்ச்சியில் பெயர்பெற்ற எலிசபெத் லாஃப்டஸையும் சேர்த்துக்கொண்டு, ஏஐ திருத்திய படங்களை வைத்து 200 பேரிடம் சோதித்தார்கள். திருத்திய படத்தை ஏஐ வீடியோவாகவும் மாற்றிக் காட்டியபோது, தவறான நினைவுகள் சாதாரணப் படம் பார்த்தவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தன. 2002இல் ஒட்டுவேலைக்கு ஒரு ஆள் உட்கார வேண்டியிருந்தது. இன்று அந்த வேலைக்குப் பொத்தான் இருக்கிறது.

என்னை அதிகம் பாதித்தது பழைய படங்களைத் தெளிவாக்கும் வசதி. அம்மாவின் அம்மாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம், அதுவும் ஏதோ அடையாள அட்டைக்காக எடுத்தது. தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதை ஸ்கேன் செய்து முகத்தைத் தெளிவாக்கும்படி போட்டேன். வந்த படத்தில் இமை முடி ஒவ்வொன்றும் தெரிந்தது. தோல் பளபளவென்று இருந்தது. அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். ‘அழகாத்தான்டா இருக்கு. ஆனா எங்கம்மாவுக்கு இடது கண்ணு கொஞ்சம் சின்னது. சிரிச்சா அந்தப் பக்கம் உதடு மேலே போகாது. இது யாரோ அவங்க ஜாடையில இருக்கிறவங்க’ என்றாள். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்து உற்றுப் பார்த்தால், இடது கண் வலது கண் அளவுக்கு வளர்ந்திருந்தது. மங்கலான படத்தில் போதுமான தகவல் இல்லை. இல்லாத இடத்தைப் பொதுவான ஒரு முகத்தால் போன் நிரப்பிவிட்டது. போர்டில் நடந்த அதே வேலைதான்.

அம்மா இருப்பதால் இது தெரிந்தது. பாட்டியைப் பார்த்தேயிராத நான் அந்த முகத்தைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டிருப்பேன், அடுத்த தலைமுறைக்கும் அதையே கொடுத்திருப்பேன். எனவே இறந்தவர்களின் முகத்தைத் தெளிவாக்கும் வேலையை முழுதாக நிறுத்திவிட்டேன். மடிப்பு, கறை, நிறம் மங்கியது, இவற்றோடு சரி.

ஒலியிலும் இதே கதை. வீடியோவில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி, அக்கா மகள் முதல் அடி வைத்த வீடியோவில் மின்விசிறிச் சத்தத்தை அருமையாக எடுத்துவிட்டது. பக்கத்து அறையிலிருந்து ‘யாரும்மா நடக்கிறது?’ என்று தாத்தா கேட்ட குரலையும் சேர்த்து எடுத்துவிட்டது. ஒரிஜினல் இருந்ததால் பிழைத்தோம்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும், நியாயமானதும்கூட. போன் எடுக்கும் எந்தப் படமும் திருத்தாத படம் இல்லை. பொத்தானைத் தொட்ட நொடியில் பல பிரேம்களை எடுத்து ஒன்றாக்கி, இருட்டைத் தூக்கி, புள்ளிகளைத் துடைத்துத்தான் தருகிறது. சாம்சங் அதிகாரி பேட்ரிக் ஷோமே 2024இல் ஒரு பேட்டியில், நிஜமான படம் என்று ஒன்று கிடையாது என்றே சொல்லிவிட்டார். இதை நான் ஏற்கவில்லை. பல பிரேம்களைச் சேர்ப்பது, அங்கே இருந்த வெளிச்சத்தை இன்னும் நன்றாக அளப்பது. ஊகித்து நிரப்புவது, அங்கே இல்லாததைச் சேர்ப்பது. இரண்டுக்கும் நடுவே கோடு மங்கலாக இருக்கலாம், ஆனால் கோடு இருக்கிறது. 2023இல் ரெடிட் என்ற இணைய மன்றத்தில் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் காட்டி, அதை சாம்சங் போனில் படமெடுத்து, திரையில் இல்லாத பள்ளங்கள் படத்தில் வந்ததைக் காட்டினார். நிலா எல்லோருக்கும் ஒரே நிலா என்பதால் அதில் பெரிய சேதமில்லை. பாட்டியின் இடது கண் அப்படியில்லை.

நடைமுறையில் பெரிய ஆபத்து எடிட்டிங்கில் இல்லை, அதற்குப் பிறகு செய்யும் காரியத்தில் இருக்கிறது. ஐபோனில் திருத்திய படத்தை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திருப்பலாம். கூகுள் போட்டோஸ், சாம்சங் இரண்டும் திருத்தியதைத் தனிப் பிரதியாகச் சேமிக்க வழி தருகின்றன. ஆனால் இடம் நிறைந்துவிட்டது என்று போன் எச்சரித்ததும், ஒரே மாதிரி இரண்டு படங்கள் இருந்தால் அழகில்லாத ஒன்றைத்தான் நாம் அழிக்கிறோம். உறவுக்காரர் ஒருவர் ஒரு பயணத்தின் ஒரிஜினல்கள் முழுவதையும் இப்படித்தான் இழந்தார். ஏஐ திருத்தியது என்ற அடையாளமும் நம்பும்படி இல்லை. பிக்சல் 10 வரிசையிலிருந்து, படம் எப்படி உருவானது என்ற குறிப்பை, அதற்கென்று உள்ள சி2பிஏ என்ற பொதுத் தரநிலைப்படி கோப்புக்குள்ளேயே பதிக்கிறார்கள், நல்ல முயற்சி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்த மாதிரி உள்குறிப்புகள் உதிர்ந்துவிடும். டாக்குமெண்டாக அனுப்பினால்தான் கோப்பு அப்படியே போகும்.

இப்போது நான் செய்வது: திருத்துவதெல்லாம் பகிர்வதற்கு மட்டும், அவை தனி ஆல்பத்தில். ஒரிஜினல்கள் போனுக்கு வெளியே ஹார்ட் டிஸ்கில். பிரிண்ட் போடுவது ஒரிஜினலை மட்டுமே. குழந்தைகளின் முகபாவனையை மாற்றுவதில்லை. திருத்திய படத்தின் பெயரிலேயே ‘திருத்தியது’ என்று எழுதிவிடுகிறேன், ஏனென்றால் கோப்பின் பெயரைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள்.

போன் வாங்குபவர்களுக்கு: இந்த வசதிகளுக்காக மட்டும் கூடுதலாகச் செலவு செய்ய வேண்டாம், சாதாரணப் போனிலேயே இன்று தேவையான அளவு கிடைக்கிறது. ஸ்டோரேஜுக்குச் செலவு செய்யுங்கள். ஒரிஜினலை அழிக்க வேண்டிய நெருக்கடி வராமல் இருப்பதுதான் எந்த மேஜிக்கையும்விடப் பெரிய வசதி.

ஒரு படத்தை அசையும் வீடியோவாக்கித் தரும் வசதியும் இப்போது வந்துவிட்டது. தாத்தா படத்தைச் சிரிக்க வைத்துக் கொடு என்று வீட்டில் கேட்டார்கள். எம்ஐடி சோதனையில் அதிகம் குழப்பியது அந்த வகைதான் என்று விளக்கி, முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.