கடலும் காடும் சேரும் இடத்தில் கூடாரம்: ஜிப் ஸ்லைடர் மாற்றிய கையோடு எழுதுவது

என் கூடாரத்தின் கதவு ஜிப்புக்குப் புது ஸ்லைடர் (ஜிப்பை மூடித் திறக்க இழுக்கும் உலோகத் துண்டு) போட்டு முடித்த அன்று மாலையே நண்பர் ஒருவர் கேட்டார்: "கடலும் வேணும், காடும் வேணும். குடும்பத்தோட ரெண்டு ராத்திரி. முகாம் இடத்தை எதை வெச்சுத் தேர்ந்தெடுக்கறது?" அவர் கேள்விக்கான பதிலும் ஜிப் போனதற்கான காரணமும் ஒன்றுதான். உப்பு.

என் கூடாரத்தைப் பற்றிய அடிப்படை விவரங்கள் இவைதான். இரண்டு பேருக்கானது, படுக்கும் உள்கூடு தனி, மழைக்கு அதன்மேல் போர்த்தும் மேல்விரிப்பு தனி, அலுமினியக் கம்பிகள், பாலியஸ்டர் துணி. மழைக்கு நன்றாகவே தாங்குகிறது. நனைந்தால் நைலான் நீண்டு தொய்யும், பாலியஸ்டர் அவ்வளவு தொய்யாது. ஆகவே நள்ளிரவில் எழுந்து கயிற்றை இழுத்துக் கட்டும் வேலை மிச்சம். எடை, அளவு, நிறம் இவற்றில் குறை சொல்ல எதுவும் இல்லை. குறை முழுவதும் கடலோரத்தில் இது படும் பாட்டில்தான்.

கடலோரத்தில் துணி காய்வதே இல்லை என்று பலரும் அலுத்துக்கொள்வார்கள். வெயில் போதவில்லை என்பது காரணமில்லை. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அரை லிட்டர் கடல்நீரைக் குடித்த ஒரு துண்டைக் கொடியில் போட்டால் நீர் ஆவியாகும், 17 கிராம் உப்பு நூலுக்குள்ளேயே தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதா உப்பே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். மழை நாளில் உப்பு ஜாடி கசிகிறதே, அதே வேலைதான். பகலில் மொறமொறவென்று காய்ந்த துண்டு இரவு எட்டு மணிக்குப் பிசுபிசுக்கும். கூடாரத் துணியும், ஸ்லீப்பிங் பேக்கின் வாயோரமும், ஜிப் பற்களும் இதற்கு விலக்கில்லை. அலைத்தெறிப்பில் எழும் உப்புத் துகள் கண்ணுக்குத் தெரியாமல் வந்து படிகிறது. கடலில் காலே நனைக்காதவர் கூடாரத்திலும் இது நடக்கும்.

இதற்கு ஒரே மருந்து நல்ல தண்ணீர். அதனால் கடலோர முகாம் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கடல் தெரிகிறதா என்று முதலில் பார்க்கக் கூடாது. குழாய் எங்கே இருக்கிறது, அதில் வரும் நீர் உப்பா இல்லையா என்றுதான் பார்க்க வேண்டும். இதைச் சொன்னால் பலருக்குச் சப்பென்று இருக்கும். ஆனால் இரண்டாம் இரவு நசநசப்பில் தூக்கம் வராமல் புரளும்போது இது புரிந்துவிடும். கடலை ஒட்டிய ஆழமில்லாத கிணறுகளில் கோடையில் உப்புநீர் ஏறிவிடுவது வழக்கம். அந்தக் குழாயில் கூடாரத்தைக் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. முன்பதிவுக்கு முன் போனில் கேட்க வேண்டிய கேள்வி, "தண்ணி வசதி இருக்கா?" இல்லை. அதற்கு எல்லாரும் "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். "உங்க குழாய்த் தண்ணியில சோப்பு நுரைக்குமா?" என்று கேளுங்கள். உப்பும் கடினமும் மிகுந்த நீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்து போகும். கேட்டவுடன் பதில் வந்தால் அந்த ஆள் அங்கே தினமும் குளிக்கிறவர். பதில் இழுத்தால் வேறு இடம் பார்க்கலாம். நேரில் போனதும் ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்தாலே நாக்கு சொல்லிவிடும்.

தண்ணீருக்கு அடுத்தது கூடாரம் அடிக்கும் இடம். முகாம்களில் முதல் வரிசை, அதாவது மணலுக்கு முகம் பார்த்த இடங்கள்தான் முதலில் நிரம்புகின்றன. எனக்கு இதில் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. மணல்மேட்டுக்குப் பின்னால், மரங்கள் தொடங்கும் ஓரத்தில் இருக்கும் இரண்டாம் வரிசையே நல்ல இடம். உப்புத் துகளில் பெரும்பங்கு கரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே படிந்துவிடுகிறது. அதிலும் முதலில் குறுக்கே நிற்கும் மேடும் மரமும்தான் பெரும்பாதியை வாங்கிக்கொள்கின்றன. எந்த இடத்தில் எவ்வளவு உப்பு என்று அறியக் கருவி எதுவும் தேவையில்லை, மரத்தைப் பார்த்தால் போதும். கடலைப் பார்த்த பக்கம் இலை நுனி கருகி, குச்சிகள் மொட்டையாகி, தலைப்பாகம் நிலத்தை நோக்கிச் சீவிவிட்டது போலச் சரிந்திருந்தால் அங்கே உப்புக்காற்று ஆண்டு முழுக்க அறைகிறது என்று பொருள். உள்ளே நடந்துகொண்டே போனால் ஓரிடத்தில் மரங்கள் நிமிர்ந்து, இருபக்கமும் ஒரே பச்சையாக நிற்கத் தொடங்கும். அங்கே கூடாரம் அடிக்கலாம்.

மர நிழலுக்கு இன்னொரு பலனும் உண்டு. பனி. திறந்த வானத்துக்குக் கீழே இருக்கும் மேல்விரிப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிச் சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடும். அதன்மேல் பனி இறங்கும், உள்பக்கத்தில் மூச்சின் ஈரம் முத்து முத்தாகப் பூக்கும். மரக்கிளைகள் மேலே கூரையாக இருந்தால் இந்தக் குளிர்ச்சி குறையும். அதே காரணத்தால் பள்ளத்தில் கூடாரம் அடிக்கக் கூடாது. குளிர்ந்த காற்று கனமானது, இரவில் பள்ளத்தைத் தேடி வந்து தேங்கும், மழை வந்தால் நீரும் அங்கேதான் வரும். மரத்தடியில் ஒரே சங்கடம், மழை நின்ற பிறகும் ஒரு மணி நேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கக் கூடாதது பட்ட கிளை. கூடாரத்தை விரிக்கும் முன் அண்ணாந்து பாருங்கள்: இலையற்ற கொம்பு, முறிந்து வேறு கிளையில் தொங்கும் கட்டை, அடிமரத்தில் காளான், வேர்ப்பக்கத்தில் மண் வெடிப்பு, ஒன்று இருந்தாலும் அந்த இடம் வேண்டாம். காய்த்த தென்னை இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

கதவு எந்தப் பக்கம்? கடலைப் பார்த்து வைக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. பகலில் நிலம் சூடேறிக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும், இரவில் நிலம் குளிர்ந்து காற்று திரும்பிக் கடலுக்குப் போகும். கடல் பார்த்த கதவு பகல் முழுக்க உப்பையும் மணலையும் ஜிப்பில் வாங்கும். காடு பார்த்த கதவு இரவில் கொசுவை வாங்கும். இரண்டுக்கும் பக்கவாட்டில், காற்றின் போக்குக்குக் குறுக்கே கதவை வைப்பதே சரி. அப்போது இரு முனைக் காற்றுத் துளைகள் வழியாக உள்ளே காற்று ஓடும், மேல்விரிப்பின் உள்பக்க ஈரமும் குறையும். மேல்விரிப்புக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மழைக்குப் பயந்து தரையோடு ஒட்டி இழுத்தால் விடியும்போது உள்ளேயே மழை பெய்த மாதிரி இருக்கும்.

கொசுவலை எல்லாப் பூச்சியையும் தடுக்கும் என்று நம்பாதீர்கள். உப்பங்கழி, அலையாத்திப் புதர், சேறு இவற்றின் பக்கத்தில் எள்ளைவிடச் சிறிய கடிப்பூச்சி உண்டு. சாதாரண கொசுவலைக் கண்ணுக்குள் அது நுழைந்து வரும். நெருக்கமான கண் உள்ள வலைதான் அதைத் தடுக்கும். ஆனால் அதற்குப் பறக்கும் வலு இல்லை, கொஞ்சம் காற்று வீசினாலே அடங்கிவிடும். ஆகவே கழிமுகத்துக்குப் பக்கத்தில் அமைந்த முகாம், எவ்வளவு அழகாக இருந்தாலும், காற்றில்லாத பருவத்துக்கு ஆகாது. கழிமுகத்தில் இன்னொரு வம்பும் உண்டு: மணல் திட்டு வாயை அடைத்தால் ஆற்றுநீர் பின்னால் தேங்கி ஓரிரவில் கரையேறும்.

அலை மட்டத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் மிக உயரம் வரும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடம், எனவே மாலையில் பார்த்த உச்சம் விடியலில் திரும்ப வரும். கரையில் அலை ஒதுக்கிய குப்பை கோடுகோடாகக் கிடக்கும். ஈரமான புதுக் கோட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலே, வெளுத்துக் காய்ந்து பாதி மணலில் புதைந்து கிடக்கும் பழைய கோடுதான் கணக்கு. அதற்கு மேலே, நிலைத்த செடி வேர்பிடித்த இடம் வரை போய்விடுங்கள்.

மணலில் கூடாரத்தோடு வரும் மெல்லிய ஆணிகள் நிற்காது. 30 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் அகலத் தகடும் உள்ள மணல் ஆணி வேண்டும். அதுவும் போதாத உதிரி மணலில், ஒரு துணிப் பையில் மணல் நிரப்பி, கயிற்றை நடுவில் கட்டி, முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டிக் கூடாரத்துக்குக் குறுக்காகப் புதைத்து மிதித்துவிட்டால் அசையாது. கயிறு குழியிலிருந்து சாய்வாக வெளிவரச் சின்ன வாய்க்கால் ஒன்று கீறிவிட வேண்டும். நேர்மேலே வந்தால் பை மெல்ல மெல்ல மேலேறிவிடும். காட்டோரத்தில் நேர்மாறான சிக்கல், நான்கு விரற்கடைக்குக் கீழே வேர். அங்கே ஆணியைத் தள்ளித் தள்ளிக் குத்திப் பார்ப்பதைவிட மரத்தடியில் கட்டிவிடுவது மேல்.

மிதந்து ஒதுங்கிய கட்டையை எரிக்காதீர்கள். உப்பு ஊறிய விறகின் புகையில் நச்சு இருக்கிறது. நெருப்பை மணல் போட்டு மூடவும் கூடாது, மேலே ஆறினது போலத் தெரிந்தாலும் அடியில் பல மணி நேரம் கனலும், விடிந்ததும் ஓடிவரும் குழந்தையின் கால் அதில் படும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, திரும்ப ஊற்ற வேண்டும். கடலாமை முட்டையிடும் கரையென்றால் இரவில் வெள்ளை விளக்கே வேண்டாம். வழி தவறிப் போவது அந்த ஆமைக்குஞ்சுதான்.

இனி ஜிப். நைலான் சுருள் பற்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. போவது ஸ்லைடர். அது துத்தநாகக் கலவை வார்ப்பு. உப்பு அதன் உள்பக்கத்தை அரிக்கிறது, மணல் தேய்க்கிறது, இரண்டு தகடுகளுக்கு நடுவில் உள்ள இடைவெளி மயிரிழை அளவு கூடினாலும் பற்களைச் சேர்த்து அழுத்தும் பலம் போய்விடும். அறிகுறி தெளிவு: இழுத்து மூடுவீர்கள், ஸ்லைடர் போன வழியே பின்னால் ஜிப் வாய் பிளக்கும். பற்கள் கெட்டுவிட்டன என்று எண்ணி ஜிப் முழுவதையும் மாற்றச் சொல்வார்கள், தேவையில்லை. ஸ்லைடரின் பின்முனையைக் குறட்டால் இருபக்கமும் மாற்றி மாற்றி மெல்ல அழுத்தினால் ஓரிரு பயணம் ஓடும். பலமாக அழுத்தினால் வார்ப்பு விரிசல் விடும். மாற்றுவதென்றால் ஸ்லைடரின் முதுகில் உள்ள எண்ணைப் பாருங்கள், 5, 8, 10 என்று இருக்கும், அதே எண், அதே வகை சுருளுக்கானது வேண்டும். ஜிப் முனைத் தையலை மூன்று சென்டிமீட்டர் பிரித்து, இரு ஓரங்களையும் ஒரே அளவில் உள்ளே செலுத்தி, முனையைத் திரும்பத் தைத்தால் முடிந்தது. எண்ணெய் மட்டும் விடாதீர்கள், மணலை ஒட்டவைக்கும். பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்ததும் மெழுகுவர்த்தியால் தடவினால் போதும்.

கிளம்பும் நாளில் 10 லிட்டர் வாளி இரண்டு. முதல் வாளியில் ஸ்பாஞ்சை நனைத்து ஜிப், ஆணி, கம்பி மூட்டு, தரைவிரிப்பு ஓரம், இரண்டாவதில் அலசல். சோப்புத்தூள் வேண்டாம், துணியின் பூச்சு போய்விடும். நிழலில் உலர்த்துங்கள், வெயில் நூலைத் தின்னும். ஈரமாகச் சுருட்டி வைத்தால் உள்பூச்சு நாளடைவில் பிசின் போலாகி நாற்றமெடுக்கும். அதைச் சரிசெய்வது கடினம்.

கூடாரத்துக்கு நான் நல்ல மதிப்பெண்தான் கொடுப்பேன். இரண்டாம் வரிசை மரத்தடிக்கு அதைவிடக் கூடுதல். ஒரு காதில் அலையும் மறு காதில் காட்டுப் பறவையுமாக விடியும் இடம் வேறு எங்கும் கிடைக்காது. ஆனாலும் நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே, காட்டு முகாமிலேயே தங்குங்கள். காலையில் கடலுக்கு நடந்து போங்கள், இருட்டும் முன் திரும்பி, குளித்துவிட்டுக் கூடாரத்துக்குள் நுழையுங்கள்.