மரத்தடிப் பேச்சும் ஹோட்டல் மாநாடும்: சோமாலியர்கள் அரசு கட்டிய இரண்டு வழிகள்

1991 ஜனவரியில் சோமாலியாவின் அதிபர் சியாத் பார்ரே தலைநகர் மொகதிஷுவை விட்டு ஓடினார். அன்றைக்குப் போனது அவருடைய 21 ஆண்டு ஆட்சி மட்டுமல்ல. வங்கி, போலீஸ், நீதிமன்றம் என்று அரசு சார்ந்த எல்லாமே அதோடு போயின. அந்த இடிபாட்டிலிருந்து வடக்கு ஒரு வழியில் போனது, தெற்கு வேறு வழியில் போனது. வடக்கே சோமாலிலாந்தில் குலப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசிப் பேசி ஓர் அரசை எழுப்பினார்கள். தெற்கே, பெரும்பாலும் வெளிநாட்டு நகரங்களில் மாநாடு கூட்டி முதலில் அரசாங்கத்தை அமைத்தார்கள், அப்புறம் அதை ஊருக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். வடக்கு ஏன் ஓரளவு நிலைத்தது என்பதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: அங்கே ஒப்பந்தத்துக்குத் தலையாட்டியவர், மறுநாள் எதிராளிகளுக்குப் பக்கத்து ஊரிலேயே வாழ வேண்டியிருந்தது.

வடக்கில் இருக்கும் போராமா ஊரைப் பாருங்கள். அதற்கு முன் அதன் பின்கதை. 1988இல் பார்ரேயின் போர் விமானங்கள் இன்று சோமாலிலாந்தின் தலைநகராக இருக்கும் ஹர்கெய்சா நகரத்தைக் குண்டுபோட்டுத் தரைமட்டமாக்கின. அவை கிளம்பியது அதே ஹர்கெய்சாவின் விமான நிலையத்திலிருந்து. சொந்த ஊரின் ஓடுபாதையில் ஏறி, சொந்த ஊர் மேலேயே குண்டு போட்டார்கள். இன்றும் நகரத்தின் நடுவே ஒரு மிக் விமானம் பீடத்தின்மேல் நினைவுச்சின்னமாக நிற்கிறது. அழிவின் பெரும்பங்கு வடக்கில் பெரும்பான்மையான ஐசாக் குலத்தவர் மேல்தான் விழுந்தது. பார்ரேயை எதிர்த்துப் போராடிய சோமாலி தேசிய இயக்கமும் முக்கியமாக அவர்களுடையதுதான். வென்ற பிறகு பழிதீர்க்க அவர்களிடம் காரணமும் இருந்தது, ஆயுதமும் இருந்தது.

ஆனால் 1991 மே 18 அன்று புராவோ நகரில் தனிநாடு அறிவித்தவர்கள், 1993இல் பெரிய மாநாட்டுக்குப் போனது போராமாவுக்கு. அது கதபுர்சி குலத்தவரின் ஊர். அவர்களில் பலர் போரின்போது பார்ரே பக்கம் நின்றவர்கள். வென்றவர்கள், எதிரணியில் இருந்தவர்களின் ஊருக்கு விருந்தாளியாகப் போய் உட்கார்ந்தார்கள். ஓட்டுரிமையுள்ள பெரியவர்கள் 150 பேர். ஜனவரியில் தொடங்கிய பேச்சு மே மாதம்வரை போனது. செலவின் பெரும்பகுதி ஊர்க்காரர்கள், வியாபாரிகள், வெளிநாட்டில் இருந்த சொந்தக்காரர்கள் கையிலிருந்து வந்தது.

சோமாலியர்களின் வழக்காற்றுச் சட்டத்துக்கு ஹேர் என்று பெயர். ஓர் ஆண் கொல்லப்பட்டால் 100 ஒட்டகம் ஈடு என்பது அதில் பழைய கணக்கு. ஊரையே அழித்த போருக்கு இப்படிக் கணக்குப் போட ஆரம்பித்தால் எந்தக் குலத்தாலும் தீர்க்க முடியாது. அதற்கும் ஹேருக்குள்ளேயே ஒரு வழி இருந்தது: ஹலய் டலய், அதாவது ‘நேற்றிரவு பிறந்தது’. போர்க்காலக் கணக்கை அழித்துவிட்டு, உறவு நேற்றிரவுதான் பிறந்தது என்று வைத்துக்கொள்வது. கேட்க எளிமையாக இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவர் அதற்குச் சம்மதிப்பது எவ்வளவு கனமான காரியம் என்று நினைத்துப் பார்த்தால்தான் அந்த நான்கு மாதம் ஏன் தேவைப்பட்டது என்று புரியும்.

அதுவரை அதிபராக இருந்த இயக்கத் தலைவர் தூர், மாநாட்டில் தோற்றார். முகமது இப்ராகிம் எகால் அதிபரானார். குலப் பெரியவர்களுக்கென்றே கூர்த்தி என்ற மேலவை அமைந்தது. எகால் வியாபாரிகளிடம் கடன் வாங்கியும், பெர்பெரா துறைமுகத்தின் சுங்க வருமானத்தை வைத்தும் ஆயுதக் குழுக்களைக் கலைத்தார். அதற்குப் பிறகும் 1994 முதல் 1996 வரை உள்நாட்டுச் சண்டை நடந்தது, விமான நிலையம் யார் கையில் என்பதில் ஆரம்பித்து. அதையும் பேசித்தான் முடித்தார்கள்.

இப்போது தெற்கு. 1991இல் பக்கத்து நாடான ஜிபூட்டியில் மாநாடு கூடி அலி மஹ்தியை அதிபர் என்றது. அவருக்குப் போட்டியான படைத்தலைவர் அய்தீத் ஏற்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரின் படைகளும் மொகதிஷுவைப் பாதியாகப் பிளந்து பீரங்கியால் அடித்துக்கொண்டன. அப்புறம் அடிஸ் அபாபா, கெய்ரோ, ஆர்த்தா என்று மாநாடு மாற்றி மாநாடு. 2002இல் கென்யாவின் எல்டோரெட்டில் தொடங்கிய பேச்சு இரண்டு ஆண்டு இழுத்தது. ஹோட்டல் செலவு நன்கொடை நாடுகளுடையது. பேச்சு நீண்டால் வந்தவர்களுக்கு நஷ்டமில்லை, ஒப்பந்தம் உடைந்தாலும் திரும்பிப் போய்ப் பதில் சொல்ல வேண்டிய ஊர் இல்லை. 2004இல் அதிபர் தேர்வு நடந்தது நைரோபியில், ஒரு விளையாட்டு வளாகத்தில். அந்த அரசாங்கத்தால் சொந்தத் தலைநகருக்குள் போக முடியவில்லை. 2006இல் அதன் நாடாளுமன்றம் பைதோவா ஊரில் ஒரு தானியக் கிடங்கில் கூடியது.

இந்த மாநாடுகள் விட்டுச்சென்ற கணக்குதான் 4.5. தரோத், ஹவியே, திர், திகில்-மிரிஃப்லே என்ற நான்கு பெரிய குலங்களுக்கும் சம பங்கு, மீதி எல்லோருக்கும் சேர்த்து அரைப் பங்கு. நாடாளுமன்றத்தின் 275 இடங்களில் நான்கு குலங்களுக்கும் தலா 61, மற்ற அனைவருக்கும் மொத்தம் 31. ஆற்றோர விவசாயிகளான பாண்டு (Bantu) மக்கள், கடற்கரை நகரங்களின் பெனாதிரி மக்கள் எல்லாம் அந்த 31க்குள். போரில் நிலம் பறிபோனவர்களில் அவர்கள்தான் முன்வரிசை. அவர்களையே அரை என்று எழுதிவைத்ததை எந்த அவசரத்தின் பெயராலும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. தற்காலிகம் என்று சொல்லி 2000இல் கொண்டுவந்தார்கள். 2022இல் ஹசன் ஷேக் முகமூத் இரண்டாம் முறை அதிபரானபோதும், விமான நிலைய வளாகத்துக்குள் ஓட்டுப்போட்ட உறுப்பினர்கள் இந்தக் கணக்கில் வந்தவர்கள்தான்.

சரி, தெற்குக்காரர்களுக்குப் பேசத் தெரியவில்லை என்று இதற்கு அர்த்தமா? இல்லவே இல்லை. வடக்கில் ஒரே குலம் பெரும்பான்மை. தெற்கில் அப்படி இல்லை, தலைநகரும் ஆற்றுப்பாசன நிலமும் அங்கேதான் இருந்தன, சண்டைக்கு இழுக்கும் சொத்து அதிகம். 2006இல் இஸ்லாமிய நீதிமன்றங்கள் மொகதிஷுவில் சில மாதம் ஒழுங்கைக் கொண்டுவந்தன, எத்தியோப்பியப் படை வந்து அதைக் கலைத்தது. அதிலிருந்து கிளம்பிய அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு இன்றுவரை அடங்கவில்லை. இவ்வளவு வெளிக்கைகளுக்கு நடுவே நான்கு மாதம் நிம்மதியாக உட்கார்ந்து பேச யாருக்கு வாய்க்கும்? 1998இல் பிரிவினை கேட்காமல், தன் பகுதிக்கு மட்டும் பெரியவர்களைக் கூட்டி அரசு அமைத்த புந்த்லாந்து, இரண்டுக்கும் நடுவிலான வழி.

வடக்கு வழியின் உச்சம் என்று நான் 2003ஐச் சொல்வேன். எகால் முந்தைய ஆண்டு இறந்தபோது, துணை அதிபர் தாஹிர் ரியாலே அமைதியாகப் பதவியேற்றிருந்தார். கதபுர்சி குலத்தவர், பார்ரேயின் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்தவர். தேர்தலில் அவருக்கு எதிராக நின்றவர் போராளி இயக்கத்தின் முன்னாள் தலைவர் சிலான்யோ. தேர்தல் ஆணையம் அறிவித்த வித்தியாசம் 80 ஓட்டு. சிலான்யோ ஏற்றுக்கொண்டார். 2010இல் அவரே ஜெயித்து வந்தார்.

ஆனால் அந்த வழியும் தேய்ந்துகொண்டே வருகிறது. கூர்த்திக்கு இன்றுவரை தேர்தல் நடக்கவில்லை. பெரியவர் இறந்தால் மகன் அந்த நாற்காலியில் உட்காருகிறார். பேசித் தீர்க்க வந்த அவை, பதவிக்காலத்தை நீட்டித்துக் கொடுக்கும் அவையாகிவிட்டது, 2022இல் அதிபர் மூசே பிஹிக்கு இரண்டு ஆண்டு கொடுத்தது போல. 2021 தேர்தலில் கீழவையின் 82 இடங்களில் ஒன்றில்கூட ஒரு பெண் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேல் லாஸ் அனோத். சோமாலிலாந்து தன்னுடையது என்று சொல்லும் கிழக்குப் பகுதியில், துல்பஹந்தே குலத்தவரின் அந்த நகரத்தில் 2023 பிப்ரவரியில் பெரியவர்கள் கூடி, மொகதிஷுவோடு இருக்கிறோம் என்று அறிவித்தார்கள். ஹர்கெய்சாவின் பதில் பீரங்கியாக இருந்தது. போராமாவில் எதிரணியின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவர்களின் அரசு, ஒரு நகரத்தின் மேல் குண்டு போட்டது. ஆகஸ்டில் அங்கிருந்த படைத்தளத்தையும் இழந்தது. இதை எழுதும்போது எனக்கு அந்த பீடத்து மிக் விமானம்தான் கண்முன் வருகிறது.

2025 டிசம்பர் 25 அன்று மொகதிஷுவில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டார்கள், எதிர்க்கட்சிகள் புறக்கணித்தன. நேரடித் தேர்தலுக்காக அரசியல் சட்டத்தை மாற்றியதை ஏற்காமல் புந்த்லாந்து 2024இலேயே விலகி நின்றுவிட்டது. மொகதிஷு தேர்தலுக்கு மறுநாள், டிசம்பர் 26, சோமாலிலாந்தை முதல்முறையாக ஒரு நாடு அங்கீகரித்தது: இஸ்ரேல். ஹர்கெய்சா தெருவில் கொண்டாட்டம், மொகதிஷுவில் கொதிப்பு. ஆனால் ஹர்கெய்சா போய் உட்கார்ந்து பேச வேண்டியது லாஸ் அனோத் பெரியவர்களோடு என்றுதான் எனக்குப் படுகிறது.