ஊட்டிக் குளிரில் வேப்ப எண்ணெய்: லில்லிக்கு அடித்த கதை

குன்னூர்த் தோழி நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தாள். சில வருடங்களாக என் லில்லிச் செடிகளுக்கு அடிக்கிற அதே வேப்ப எண்ணெய், அதே ஒரு லிட்டர் பாட்டில், இப்போது பாதி விலைக்கு வந்திருக்கிறதாம். "நீதான் விடாம அடிக்கிறியே, நானும் ஒண்ணு வாங்கிடவாடி?" என்று கேட்டிருந்தாள். நான் முழு விலை கொடுத்தவள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்கவும்.

முதலில் நியாயமாகச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் வேலை செய்கிறது. அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி எங்கே உட்காரும் என்று லில்லி வளர்ப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை: நுனிக்குருத்து, இலையின் அடிப்பக்கம், விரியாத மொட்டுகளின் இடுக்கு. அது சாற்றை உறிஞ்ச உறிஞ்ச மொட்டு கோணிக்கொள்ளும். கீழ் இலைகளில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூசணம், அந்த இனிப்பைத் தேடி எறும்பு. எறும்பு வந்துவிட்டால் அசுவினியைத் தின்ன வருகிற பூச்சிகளையும் விரட்டிவிடும்.

அடித்த மறுநாளே போய்ப் பார்த்து "ஒன்றும் சாகவில்லையே" என்று வேப்ப எண்ணெயைத் திட்டுகிறவர்கள் உண்டு. அவர்களோடு நான் சேரமாட்டேன். இது அடித்தவுடன் கொத்தாக உதிர்க்கிற மருந்து இல்லை. எண்ணெய் நேராக மேலே பட்டவை மூச்சடைத்துச் சாகும். தப்பியவை சாறு குடிப்பதைக் குறைக்கும், குஞ்சுகள் தோலுரித்து வளர முடியாமல் நின்றுபோகும். ஆண் துணை இல்லாமலே குட்டி போட்டுத் தள்ளுகிற பூச்சி என்பதால் வாரம் ஒருமுறை விடாமல் அடிக்கவேண்டும், அவ்வளவுதான். என் தோட்டத்தில் அசுவினியைத் தின்கிற பொறிவண்டுகள் ஓடிப்போகவில்லை என்பதில் எனக்குத் தனி சந்தோஷம். கடைக்காரர் சிபாரிசு செய்த ரசாயன மருந்தை வாங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

சரி, இப்போது ஆத்திரத்துக்கு வருகிறேன்.

பாட்டிலில் "குளிர்ச்சியான இடத்தில் வைக்கவும்" என்று அச்சடித்திருக்கிறார்கள். ஊட்டியில் குளிர்ச்சியில்லாத இடம் எது என்று அவர்களே வந்து காட்டட்டும். வேப்ப எண்ணெய் 20 டிகிரிக்குக் கீழே போனால் கெட்டிப்படத் தொடங்கும். இங்கே டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி. ஜூன், ஜூலையிலும் ஸ்வெட்டரைக் கழற்றமுடியாது. ஆக, பாட்டிலைத் திறந்தால் உள்ளே வெண்ணெய். கொதிக்கிற நீரில் வைத்து உருக்கலாம் என்றால், அதிகச் சூட்டில் பூச்சியைத் தடுக்கிற சத்தே கெட்டுப்போகும். வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்திக் காத்திருக்கவேண்டும். லிட்டருக்கு 5 மில்லி எண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், அதையும் வெந்நீர் கலந்த நீரில். இதையெல்லாம் செய்து குழாயடிக்கு வருவதற்குள் ஸ்பிரேயரின் முனையில் எண்ணெய் மறுபடி திரண்டு அடைத்துக்கொள்ளும். ஊசியால் குத்து, ஊது, மறுபடி பம்ப் அடி. போன வாரம் வாஷரையே மாற்றவேண்டியதாகிவிட்டது. வீடு முழுக்க வேப்பம்பிண்ணாக்கு வாசனை வேறு. வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ஜன்னலை மட்டும் திறந்துவைப்பார்.

இதோடு விட்டதா? "மாலையில் தெளிக்கவும்" என்று இன்னொரு உபதேசம். சமவெளிக்கு அது சரி. வெயிலில் அடித்தால் எண்ணெய் பட்ட இலை கருகும். இங்கே மாலை நான்கு மணிக்கே மூடுபனி இறங்கிவிடும். நனைந்த இலை விடியும்வரை காயாது. ஈரமும் குளிரும் சேர்ந்தால் லில்லிக்குச் சாம்பல் பூசணம் வரும், பழுப்புப் புள்ளிகள் பரவி இலை அழுகும். அசுவினிக்கு வைத்தியம் பார்க்கப்போய்ப் பூசணத்தை அழைத்துவந்த மாதிரி ஆகிவிடும். அதனால் நான் மேகமூட்டமான காலையில்தான் அடிக்கிறேன், மலர்ந்த பூவில் படாமல். தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தபிறகு எப்போது அடித்தாலும் வீண். மழை கழுவிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அசுவினி பரப்புகிற தேமல் வைரஸை எந்த எண்ணெயும் குணப்படுத்தாது. ஒரு செடியைக் குத்திப்பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போகிற நேரம் போதும், நோய் ஏறிவிடும். வெளிர்க்கோடு விழுந்த, வளர்ச்சி முடங்கிய செடியைக் கிழங்கோடு பிடுங்கிப் போட்டுவிடுங்கள். புலி லில்லி வைத்திருந்தால் மற்ற லில்லிகளிலிருந்து தள்ளி வையுங்கள். அது வைரஸைச் சுமந்துகொண்டே ஆரோக்கியமாக நிற்கும். நீலகிரி, பழனி மலைகளின் புல்சரிவில் தானாகப் பூக்கிற வெள்ளை லில்லிக்கு இந்தத் தொல்லை எவ்வளவு என்று எனக்குப் பொறாமையோடு யோசனை வரும்.

அப்புறம், தோழிக்கு என்ன பதில்? வாங்காதே. வேலை செய்கிற எண்ணெய்தான், இருந்தாலும் வாங்காதே. காலை வெயில் ஏறியதும் ஹோஸ் பைப்பால் மொட்டுக்கும் இலையடிக்கும் பலமாகத் தண்ணீர் பீய்ச்சு. கீழே விழுந்த அசுவினியில் பெரும்பாலானவை ஏறி வராது. மிச்சத்தை விரலால் நசுக்கு. பத்துத் தொட்டிக்கு அது போதும். இல்லை, எண்ணெய்தான் வேண்டுமென்றால் நூறு மில்லி பாட்டில் வாங்கிக்கொள், அரிசிப்பானைக்குப் பக்கத்தில் இல்லாமல் அடுப்பு மேடையோரம் வை. ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம்தான் கொடுக்கிறேன். மேட்டுப்பாளையத்தில் குடியிருந்தால் நாலரை கொடுத்திருப்பேன்.