மையை ஊதினால் நரம்பணு: பிரிக்பீல்ட்ஸ் பட்டறை

பல்கலைக்கழக மாணவர்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மண்டபமொன்றில் தன்னார்வமாக நடத்திய மூளை–ஓவியப் பட்டறை, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காகவே அமைக்கப்பட்டிருந்தது, கட்டணம் இல்லை.

இத்தாலிய மருத்துவர் கோல்ஜி 1873இல் வெளியிட்ட வெள்ளிச் சாயமேற்றும் முறை, திசுவிலுள்ள மிகச் சில நரம்பணுக்களை (நரம்பு உயிரணுக்களை) மட்டும் முழுமையாகக் கறுப்பாக்கியதால்தான், ஸ்பானிய ஆய்வாளர் ரமோன் இ கஹால் அவற்றைத் தெளிவாக வரைந்து, அவை தனித்தனி அணுக்களே என்று வாதிட முடிந்தது என்பதை விளக்கிவிட்டு, பிள்ளைகளிடம் மையையும் உறிஞ்சுகுழலையும் கொடுத்தார்கள். (1906இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட பிறகும் அவ்விருவரும் ஒத்துப்போகவில்லை என்பது தனிக்கதை.) தாளில் விழுந்த சொட்டு, ஊத ஊதக் கிளைவிட்டு, சிறுமூளையில் மரம்போல் கிளைக்கும் புர்க்கின்ஜி நரம்பணுவைப் போலப் படர்ந்தது. "இத்தனையில எது, அக்கா, செய்தி அனுப்பும்?" என்று ஒரு சிறுமி கேட்டதும், கிளைகள் செய்தியைப் பெறுபவை, அனுப்பும் நரம்பிழை ஒன்றுதான் என்று அவளது படத்திலேயே வரைந்து காட்டிய விதம் பாராட்டுக்குரியது.

ஆனால், இடப்பக்க மூளை கணக்குக்கும் வலப்பக்க மூளை கலைக்கும் உரியது என்ற சுவரொட்டியை அடுத்த முறை அகற்றிவிட வேண்டும். ஓவியம் வரையும்போது இரு பக்கங்களும் சேர்ந்தே இயங்குகின்றன.

பிள்ளைகளைப் பழைய சட்டையில் அனுப்புங்கள். அந்த மை துவைத்தாலும் போகாது.